வானத்தில் ஓர் ஒழுங்கு – 9: பதினாலாயிரம் அடி, பதினைந்தாயிரம் அடி

வரைபடத்தை விரித்து மீனம்பாக்கத்திலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். கோடு வேலூருக்கும் சித்தூருக்கும் நடுவே புகுந்து, ஆம்பூரை இடப்பக்கம் விட்டுவிட்டு மேற்கே போகும். திருச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு இன்னொரு கோடு போட்டால் அது வாணியம்பாடியை ஒட்டி வடக்கே ஏறும். ஆந்திர எல்லையைத் தாண்டியதும் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். விமானங்கள் அப்படியே கோடு பிடித்தாற்போல் பறப்பதில்லை. வகுத்து வைத்த வான்தடங்களில் சற்று விலகியும் வளைந்தும்தான் போகும். ஆனாலும் தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இந்தப் பாலாற்று வட்டாரத்தின் தலைக்கு மேலே கிழக்கு மேற்காகவும் தெற்கு வடக்காகவும் விமானங்கள் குறுக்கிடுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு கோடுகள் போதும்.

எதிரெதிரே வரும் இரண்டு ஜெட் விமானங்கள் தலா மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறந்தால், அவற்றுக்கு நடுவே உள்ள தூரம் நொடிக்கு ஏறத்தாழ 440 மீட்டர் குறைகிறது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடைப்பட்ட சுமார் 16 கி.மீ. தூரம் 40 வினாடிக்குள் தீர்ந்துபோகும். தொலைவில் புள்ளியாகத் தெரிவது விமானம்தான் என்று விமானி கண்டுகொண்டு, அது தன்னை நோக்கி வருகிறது என்று உணர்ந்து, கனமான விமானத்தைத் திருப்பி முடிப்பதற்கு அந்த அவகாசம் போதும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மேகத்துக்குள்ளோ இருட்டிலோ என்றால் கேட்கவே வேண்டாம்.

எனவேதான் வானத்தை மாடி மாடியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கிழக்கு நோக்கிப் போகும் விமானத்துக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள்: 21,000 அடி, 23,000 அடி, 25,000 அடி. மேற்கு நோக்கிப் போவதற்கு இரட்டைப்படை ஆயிரங்கள்: 22,000, 24,000, 26,000. உலகம் முழுக்கப் பெரும்பாலான நாடுகளில் இதுதான் விதி. பெங்களூருவிலிருந்து சென்னைக்கு வருவதும் சென்னையிலிருந்து பெங்களூரு போவதும் ஒரே இடத்தில் சந்தித்தாலும், ஒன்றின் மேல் ஒன்றாகக் கடந்துவிடும். நடுவில் இருப்பது 1,000 அடி. ஏறத்தாழ 300 மீட்டர்.

அந்த 1,000 அடியை அளப்பது எதை வைத்து? காற்றின் அழுத்தத்தை வைத்து. மேலே போகப்போக அழுத்தம் குறையும். உயரமானி அதை உயரமாக மாற்றிக் காட்டும். ஆனால் அழுத்தம் ஊருக்கு ஊர், வேளைக்கு வேளை மாறுகிறது. ஆகவே குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதும் எல்லா விமானிகளும் தங்கள் உயரமானியை 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும். அப்போது தரையிலிருந்து உண்மையான உயரம் கொஞ்சம் முன்பின் ஆனாலும், இரண்டு விமானங்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மாறாது. இப்படி அளந்த உயரத்தைத்தான் ‘ஃப்ளைட் லெவல்’ என்கிறார்கள். 14,000 அடி என்றால் லெவல் 140. 15,000 அடி என்றால் லெவல் 150.

இந்த அத்தியாயத்தின் துயரம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடந்தது.

சென்ற அத்தியாயத்தில் 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்கு மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்ததைப் பார்த்தோம். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் பார்வை எட்டாத வானத்தில், 21,000 அடி உயரத்தில், ஒருவரையொருவர் கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள வேண்டிய நிலையில் அவை பறந்தன. அதன் பிறகே அந்த நாடு தன் வானம் முழுமைக்கும் பொறுப்பான ஓர் அமைப்பை 1958இல் சட்டம் போட்டு உருவாக்கியது. நாற்பது ஆண்டு கழித்து இந்தியாவில் நடந்தது வேறு மாதிரி. இங்கே இரண்டு விமானங்களும் கட்டுப்பாட்டாளரின் பொறுப்பில் இருந்தன. அவரோடு பேசிக்கொண்டும் இருந்தன.

1996 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. மாலை 6.32க்கு டெல்லி இந்திரா காந்தி விமான நிலையத்திலிருந்து சவூதி அரேபிய ஏர்லைன்ஸின் 763ஆம் எண் விமானம் கிளம்பியது. போயிங் 747, உள்ளே 312 பேர். முதலில் தஹ்ரான், பிறகு ஜெத்தா. வேலைக்காக வளைகுடா போகும் இந்தியர்கள் அதில் ஏராளம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வேலூரிலும் அப்படிப் போனவர் இல்லாத தெரு குறைவு. கடன் வாங்கி விசா எடுத்து, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, விமான நிலைய வாசலில் அழுகையோடு வழியனுப்பப்பட்ட மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று இந்த வட்டாரத்து வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதே நேரத்தில் கஜகஸ்தானின் சிம்கென்ட் நகரிலிருந்து கஜகஸ்தான் ஏர்லைன்ஸின் 1907ஆம் எண் விமானம் டெல்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சோவியத் காலத்து இல்யூஷின் 76. சரக்கு ஏற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட பெரிய விமானம். உள்ளே 37 பேர்.

இரண்டும் ஒரே தடத்தில் எதிரெதிரே வந்தன. டெல்லியைச் சுற்றி அன்று வானத்தின் பெரும்பகுதி விமானப்படையின் கையில் இருந்தது. பயணிகள் விமானங்களுக்கு விடப்பட்ட பாதை குறுகலானது. வருவதும் அதில்தான், போவதும் அதில்தான். இப்படிப்பட்ட இடத்தில் விமானங்களைப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் மிஞ்சும்: உயரம்.

அன்று டெல்லியில் இருந்த ரேடார் முதல்நிலை ரேடார். அது அலையை அனுப்பும். உலோக உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத் திரையில் புள்ளியாகக் காட்டும். விமானம் எங்கே இருக்கிறது என்று தெரியும். எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியாது. உயரத்தைச் சொல்லும் இரண்டாம்நிலை ரேடார் வேறு வகை. அது விமானத்தைக் கேள்வி கேட்கும். விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி தன் அடையாளத்தையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும். டெல்லிக்கு அதை நிறுவும் வேலை நடந்துகொண்டிருந்தது, இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆகவே கட்டுப்பாட்டாளருக்கு உயரம் தெரிய வேண்டுமானால் விமானியைக் கேட்க வேண்டும். அவர் சொன்னால் அதை நம்ப வேண்டும்.

இதற்கென்று ஒரு பழக்கம் உலகெங்கும் உண்டு. கட்டுப்பாட்டாளர் உயரத்தைச் சொன்னால் விமானி ‘சரி’ என்று மட்டும் சொல்லி விடக்கூடாது. எண்ணை முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் காதில் வாங்கி, தான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். தவறாக இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். இதுதான் ‘ரீட்பேக்’. கட்டுப்பாட்டாளரின் முன்னே ஒரு தாள் பட்டி. அதில் விமானத்தின் எண், தடம், கொடுத்த உயரம். உயரம் மாறினால் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுவார். 1996இன் டெல்லியில் இரண்டு விமானங்களைப் பிரித்து வைத்திருந்தவை இந்தப் பட்டிகளும் இரண்டு குரல்களும்தான்.

சவூதி விமானத்துக்கு 14,000 அடி வரை ஏற அனுமதி கிடைத்தது. அதை நெருங்கியபோது விமானி மேலும் ஏற அனுமதி கேட்டார். 140இலேயே இருக்கும்படியும், மேலே போகக் காத்திருக்கும்படியும் கட்டுப்பாட்டாளர் சொன்னார். 140இல் இருப்பதாக விமானி திருப்பிச் சொன்னார்.

கஜக் விமானத்துக்கு 15,000 அடி வரை இறங்க அனுமதி. 150ஐ எட்டிவிட்டதாக அதிலிருந்து தகவல் வந்தது. கட்டுப்பாட்டாளர் அத்துடன் விட்டுவிடவில்லை. நேர் எதிரே சவூதியின் போயிங் 747 வருகிறது, கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்றார். எத்தனை மைல் என்று கஜக் விமானம் திரும்பக் கேட்டது. தூரத்தைச் சொன்னார். சற்று நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டு, 13 மைல், எதிர் விமானம் லெவல் 140இல் என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது.

செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அவர் செய்திருந்தார். 1,000 அடி இடைவெளியை இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டிருந்தன.

இனி கஜக் விமானத்தின் உள்ளே போவோம். மேலைநாட்டு விமானங்களில் கட்டுப்பாட்டாளருடன் பேசுவது இரண்டு விமானிகளில் ஒருவர். இல்யூஷினில் அந்த வேலைக்கென்றே ஒரு ரேடியோ ஊழியர் இருந்தார். ஆங்கிலத்தில் கேட்டு, பதில் சொல்லி, விமானிகளுக்கு ரஷ்ய மொழியில் எடுத்துச் சொல்வது அவர் பொறுப்பு. ஆனால் அவர் உட்காரும் இடத்தில் உயரமானி கிடையாது. விமானம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் எழுந்து, விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டி, அவர்கள் முன்னால் உள்ள முள்ளைப் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டாளரின் சொல்லைக் கேட்பவர் ஒருவர்; கைப்பிடியைப் பிடித்திருப்பவர் வேறொருவர்.

150ஐ எட்டியதாகச் சொன்ன விமானம் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. 14,500 அடியையும் தாண்டியது. ‘140’ என்ற எண் எதிர் விமானத்தின் உயரமாகச் சொல்லப்பட்டதா, தங்களுக்கான உத்தரவாகச் சொல்லப்பட்டதா என்ற குழப்பம் அந்த விமானி அறைக்குள் நுழைந்திருக்கலாம் என்பது விசாரணையில் பேசப்பட்ட காரணங்களில் முக்கியமானது. கடைசி விநாடிகளில் ரேடியோ ஊழியர் தவறைக் கண்டு சொல்ல, விமானி விமானத்தை மேலே தூக்க முயன்றார். தூக்காமல் இருந்திருந்தால் சவூதி விமானத்துக்கு அடியில் புகுந்து தப்பியிருக்க வாய்ப்பு இருந்தது என்று பின்னர் தெரிந்தது. மேலே எழும்பிய இல்யூஷினின் வால்பகுதி போயிங்கின் இடது இறக்கையை அறுத்தது.

மாலை 6.40. இடம் டெல்லிக்கு மேற்கே சுமார் 100 கி.மீ. தூரத்தில், ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே. அப்போது டெல்லியை நெருங்கிக்கொண்டிருந்த அமெரிக்க விமானப்படையின் சரக்கு விமானம் ஒன்று, மேகத்தினூடே பெரிய தீப்பிழம்பைக் கண்டதாகச் சொன்னது. கட்டுப்பாட்டாளர் இரண்டு விமானங்களையும் மாறி மாறிக் கூப்பிட்டார். பதில் இல்லை. போயிங் தானி கிராமத்தின் வயல்களிலும் இல்யூஷின் பிரோஹர் கிராமத்தின் வயல்களிலும் விழுந்து கிடந்தன. 349 பேரும் இறந்தார்கள். வானத்தில் நடந்த விமான மோதல்களில் இத்தனை உயிர் குடித்தது வேறு இல்லை. இன்று வரை அதுதான் உலகிலேயே மிகப் பெரியது.

விசாரணைக்கு டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதி ஆர். சி. லஹோத்தி நியமிக்கப்பட்டார். பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதியானவர். அவரது அறிக்கை, கஜக் விமானம் அனுமதி பெறாமல் 15,000 அடிக்குக் கீழே இறங்கியதே காரணம் என்றது. அந்தக் குழுவினரின் ஆங்கில அறிவு போதாமை, உள்ளுக்குள் ஒருவரோடு ஒருவர் சரியாகத் தகவல் பரிமாறிக்கொள்ளாமை, தலைமைக் குறைவு ஆகியவற்றைச் சுட்டிக்காட்டியது. டெல்லிக் கட்டுப்பாட்டாளர் மீது பழி இல்லை என்றது.

அந்த அறிக்கையின் மதிப்பு, ஒருவர் மீது குற்றம் சாட்டியதோடு நின்றுவிடாததில் இருக்கிறது. ஒரு குழு ஓர் எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டால் 349 பேர் சாக வேண்டிய அளவுக்கு அமைப்பு ஏன் மெலிந்து கிடந்தது என்ற கேள்வியையும் அது எழுப்பியது. பதில்கள் நான்கு வந்தன. வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வான்தடம். உயரத்தைக் காட்டும் இரண்டாம்நிலை ரேடார். டெல்லிக்கு மேலே விமானப்படைக்கென ஒதுக்கிய வானத்தைக் குறைத்துப் பயணிகள் விமானங்களுக்கு இடம் கொடுத்தல். நான்காவது, இந்தியாவுக்குள் வரும் வணிக விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயம்.

இந்த நான்கில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. எல்லாம் எங்கோ இருந்தவை. எல்லாம் வர வேண்டியவை என்று அறிந்தவை. வந்து சேர்வதற்கு முன்னால் அந்த மாலை வந்துவிட்டது. வான் போக்குவரத்தின் வரலாறு நெடுகிலும் திரும்பத் திரும்ப இதையே பார்க்கிறோம், மனம் ஆறவில்லை.

விமானப்படையும் பயணிகள் விமானங்களும் வானத்தைப் பங்கிட்டுக்கொள்வது டெல்லியின் தனிப்பிரச்சினை அல்ல. சென்னையிலிருந்து வேலூர் வரும் ரயில் அரக்கோணத்தில் நிற்கும்போது, பக்கத்திலேயே கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமான தளம் இருக்கிறது. 1992 மார்ச்சில் திறக்கப்பட்டது, 4 கி.மீ.க்கும் மேல் நீளமான ஓடுபாதை. கடலுக்கு மேலே நீர்மூழ்கிகளைத் தேடிப் பறக்கும் பி-8ஐ விமானங்கள் இங்கிருந்து கிளம்புகின்றன. மீனம்பாக்கத்துக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் தாம்பரம் விமானப்படைத் தளம். ஆக, மீனம்பாக்கத்திலிருந்து ஏறி ஆம்பூர் திசையில் வரும் விமானத்துக்கு வழிவிடும்போதெல்லாம் கட்டுப்பாட்டாளர் ராணுவத் தளங்களின் போக்குவரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2020 மே மாதம் மத்திய நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன், இந்திய வான்பரப்பில் 60 சதவீதம் மட்டுமே பயணிகள் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்று சொல்லி, கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் போவதாக அறிவித்தார். சர்க்கி தாத்ரியில் எழுந்த கேள்விக்கு விடை தேடும் வேலை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்தும் நடந்தது என்பதற்கு இந்த அறிவிப்பு சாட்சி.

இன்றைய ஒரு பயணத்தைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். சென்னையிலிருந்து பெங்களூரு போகும் விமானம் ஒன்று. ஓடுபாதையில் இருக்கும் வரை அது கோபுரத்தில் இருப்பவரின் பொறுப்பு. அவர் கண்ணாடி வழியே கண்ணால் பார்க்கிறார். சக்கரம் தரையை விட்டதும் ‘அப்ரோச்’ பிரிவுக்கு மாறுகிறது. அவர்கள் ஜன்னல் இல்லாத அறையில் ரேடார் திரை முன்னால் இருப்பவர்கள். நிலையத்தைச் சுற்றி ஏறுவதையும் இறங்குவதையும் பிரித்து விடுபவர்கள். உயரம் கூடியதும் ‘ஏரியா’ பிரிவு. தென்னிந்தியாவின் மேல்வானத்தில் பறக்கும் விமானங்களைச் சென்னை மையம் பல ஊர்களின் ரேடார் தகவல்களை ஒன்றுசேர்த்துக் கவனிக்கிறது. பெங்களூரு நெருங்கியதும் அந்த ஊர் அப்ரோச், பிறகு அந்த ஊர் கோபுரம். முக்கால் மணி நேரப் பயணத்தில் விமானம் இத்தனை கை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் புதிய அலைவரிசை, புதிய குரல். ஒவ்வொரு முறையும் விமானி தன் எண்ணையும் உயரத்தையும் மறுபடி சொல்கிறார்.

திரையில் இப்போது வெறும் புள்ளி இல்லை. புள்ளிக்குப் பக்கத்தில் சிறு எழுத்தில் விமானத்தின் எண், உயரம், வேகம் எல்லாம் ஓடுகின்றன. கட்டுப்பாட்டாளர் கொடுத்த உயரம் ஒன்றாகவும் விமானம் பறக்கும் உயரம் வேறாகவும் இருந்தால் கண்ணில் பட்டுவிடும். 1996இல் அந்த ஓர் எண் திரையில் தெரிந்திருந்தால், கஜக் விமானம் 15,000க்குக் கீழே போனதுமே ‘மேலே ஏறு’ என்று ஒரு குரல் எழுந்திருக்கும். இரண்டு விமானங்கள் நெருங்கும் போக்கில் இருந்தால் கணினியே கணக்கிட்டு முன்கூட்டி எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது. நிலையத்துக்கு அருகே 3 கடல்மைல், வான்தடத்தில் 5 கடல்மைல் என்பது ரேடார் வானத்தில் வழக்கமான பக்கவாட்டு இடைவெளி. பக்கவாட்டில் இது இருக்க வேண்டும். இல்லையேல் உயரத்தில் 1,000 அடி இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது எப்போதும் நிலைத்திருக்க வேண்டும்.

2003 நவம்பர் வரை இந்திய வானத்தில் 29,000 அடிக்கு மேலே இந்த இடைவெளி 2,000 அடியாக இருந்தது. அந்த உயரத்தில் பழைய உயரமானிகளின் துல்லியம் குறைவு. கருவிகள் மேம்பட்ட பிறகு 41,000 அடி வரை 1,000 அடியாகக் குறைத்தார்கள். மேல்வானத்தில் புதிதாக ஆறு மாடிகள் கிடைத்தன. போக்குவரத்து பெருகிய காலத்தில் அது பெரிய உதவி.

நான்காவது பரிந்துரையான மோதல் தவிர்ப்புக் கருவிக்கு வருவோம். ‘டிகாஸ்’ என்பது அதன் சுருக்கப் பெயர். தரையை நம்பாமல், விமானங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாடு இது. ஒரு விமானத்தின் கருவி பக்கத்து விமானங்களின் டிரான்ஸ்பாண்டரைக் கேள்வி கேட்டு, தூரத்தையும் உயரத்தையும் அறிந்து, எத்தனை நொடியில் சந்திப்பு என்று கணக்கிடுகிறது. முதலில் ‘டிராஃபிக்’ என்று எச்சரிக்கும். ஆபத்து நெருங்கினால் ஒரு விமானத்திடம் ‘ஏறு’ என்றும் இன்னொன்றிடம் ‘இறங்கு’ என்றும் உத்தரவிடும். இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசி முடிவெடுப்பதால் இரண்டும் ஒரே பக்கம் போகாது.

இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் ஒரே உயரத்தில் நெருங்கின. சுவிட்சர்லாந்தின் சூரிக் மையத்தில் ஒரே ஒரு கட்டுப்பாட்டாளர் இரண்டு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலைக்காகத் தொலைபேசி இணைப்பும் எச்சரிக்கை அமைப்பின் ஒரு பகுதியும் நிறுத்தப்பட்டிருந்தன. ஆபத்தைக் கடைசி நிமிடத்தில் கண்ட அவர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அதே நொடிகளில் அந்த விமானத்தின் கருவி ‘ஏறு’ என்றது. சரக்கு விமானத்தின் கருவி ‘இறங்கு’ என்றது. ரஷ்ய விமானி மனிதக் குரலுக்குக் கட்டுப்பட்டார்; சரக்கு விமானி கருவிக்குக் கட்டுப்பட்டார். இரண்டும் சேர்ந்தே இறங்கின. 71 பேர் இறந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அதன் பிறகுதான், கருவியின் உத்தரவும் கட்டுப்பாட்டாளரின் உத்தரவும் முரண்பட்டால் கருவியையே கேட்க வேண்டும் என்ற விதி உலகமெங்கும் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டது.

ஆங்கில அறிவு போதாமை பற்றி அறிக்கை சுட்டிக்காட்டியதும் வீண்போகவில்லை. சர்வதேசப் பயணங்களில் பறக்கும் விமானிகளும் அவர்களோடு பேசும் கட்டுப்பாட்டாளர்களும் ஆங்கிலத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2003இல் முடிவெடுத்தது. ஆறு படிநிலைகள் வகுத்து, நான்காம் நிலையைக் கட்டாயமாக்கியது. இலக்கணத்தைச் சோதிக்கும் தேர்வு அல்ல இது. எதிர்பாராத சூழலில் சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, புரியாவிட்டால் திரும்பக் கேட்கத் தெரிகிறதா என்று பார்க்கும் தேர்வு.

இவ்வளவும் வந்த பிறகும் வானம் தானாகப் பாதுகாப்பாகிவிடவில்லை. நமக்குப் பக்கத்திலேயே இரண்டு சம்பவங்கள் நடந்தன.

2018 ஜூலை 10. பெங்களூரு வான்பகுதி. கோயம்புத்தூரிலிருந்து ஹைதராபாத் போன இண்டிகோ விமானமும் பெங்களூருவிலிருந்து கொச்சி போன இண்டிகோ விமானமும் நெருங்கின. ஒன்று 27,300 அடியில், மற்றது 27,500 அடியில். 1,000 அடி இருக்க வேண்டிய இடத்தில் மிஞ்சியது 200 அடி. இரண்டிலும் சேர்த்து 328 பயணிகள். டிகாஸ் கருவி உத்தரவிட்டது, விமானிகள் அப்படியே செய்தார்கள், விமானங்கள் விலகிப் போயின. சர்க்கி தாத்ரிக்குப் பிறகு கட்டாயமாக்கிய கருவி அன்று அந்த 328 பேரையும் ஊர் சேர்த்தது.

2022 ஜனவரியில் ஒரு காலை, பெங்களூரு விமான நிலையத்தில் நடந்ததில் கதை மாறுகிறது. அங்கே இணையாக இரண்டு ஓடுபாதைகள். ஒன்றில் புறப்பாடு, மற்றதில் வருகை என்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்துவது என்று முடிவானது. அந்த முடிவு தெற்கு ஓடுபாதையைக் கவனித்த கோபுரத்துக்குப் போய்ச் சேரவில்லை. விளைவு, கொல்கத்தா போகும் விமானமும் புவனேஸ்வர் போகும் விமானமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், இணையான ஓடுபாதைகளிலிருந்து, ஒரே திசையில் கிளம்பின. மேலே ஏறியதும் இரண்டின் பாதைகளும் ஒன்றையொன்று நெருங்கத் தொடங்கின. உள்ளே 426 பேர். தரைக்கு இவ்வளவு அருகில் டிகாஸ் கருவியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அப்ரோச் ரேடார் முன்னால் இருந்த கட்டுப்பாட்டாளர் லோகேந்திர சிங் திரையில் இரண்டு அடையாளங்கள் சேர்வதைக் கண்டார். ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் திரும்பச் சொல்லி உடனே உத்தரவிட்டார். சுமார் 3,000 அடி உயரத்தில் இரண்டும் பிரிந்தன. விமான விபத்து விசாரணைப் பிரிவு இதைக் கடுமையான சம்பவம் என்று வகைப்படுத்தி விசாரித்தது. கோபுரங்களுக்கு இடையே தகவல் பரிமாற்றம் தவறியதையும், நடந்தது உடனுக்குடன் பதிவேட்டில் ஏறாததையும் அதிகாரிகள் வெளிக்கொண்டுவந்தார்கள். தவறு நடந்தது கட்டுப்பாட்டு அறையில். அதைப் பிடித்ததும் கட்டுப்பாட்டு அறையில்தான். ஒருவர் தவறினால் அடுத்தவர் பிடிக்கும்படி பல அடுக்குகள் அமைத்ததன் பயன் அது.

அந்த அடுக்குகளில் உட்காருபவர்களை இந்திய விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுக்கிறது. 1948இல் அலகாபாத்தின் பம்ரௌலியில் தொடங்கிய பயிற்சி மையத்தில் பாடம் படித்து, பிறகு தாங்கள் பணிபுரியும் நிலையத்தில் மூத்தவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் காதில் விழும்படி பேசிப் பழகித்தான் தனியாக ஒலிவாங்கியைத் தொட முடியும். இரவு பகல் என்று மாறி மாறி வரும் பணிநேரம். தீபாவளி, பொங்கல், ரம்ஜான் என்று எல்லோரும் ஊருக்குப் பறக்கும் நாள்களில்தான் இவர்களுக்கு வேலை அதிகம். இவர்கள் பெயரைப் பயணிகள் அறிவதில்லை. அறிவிப்பில் வருவது விமானியின் பெயரும் பணிப்பெண்ணின் பெயரும்தான். 349 பேரை இழந்த மாலையில் எந்தத் தவறும் செய்யாத ஒருவர், பதில் வராத அலைவரிசையில் எத்தனை முறை கூப்பிட்டிருப்பார் என்று எண்ணினால், இந்த வேலைக்கு நாடு தர வேண்டிய மரியாதையும் ஓய்வும் ஆள் எண்ணிக்கையும் எவ்வளவு என்று புரியும்.

இதுவரை பார்த்ததெல்லாம் ரேடார் எட்டும் வானம். சென்னை மையத்தின் பொறுப்பில் இன்னொரு வானமும் உண்டு: வங்காள விரிகுடா. கரையிலிருந்து சில நூறு கி.மீ. தாண்டினால் தரை ரேடாரின் கண் அங்கே போகாது. அந்தமான் பக்கமாகச் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகும் விமானங்களைப் பல ஆண்டுகள் கட்டுப்பாட்டாளர்கள் ஒரு திரையும் இல்லாமல், இரைச்சல் மிகுந்த உயர் அலைவரிசை ரேடியோவில் விமானி சொல்லும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் வைத்துப் பிரித்து வந்தார்கள். முன்னே போவதற்கும் பின்னே வருவதற்கும் நடுவே 10 நிமிடம் என்பது அங்கே இருந்த கணக்கு. அந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள், செயற்கைக்கோள் வந்து அதை எப்படி மாற்றியது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.